குழலில் பூசிய எண்ணெய்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஜேர்மனியில் இன்னும் மார்க் புழங்கிய காலத்தில், நான் ஒரு துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்தும் பட்டறையில் வேலை செய்தேன். டார்ம்ஸ்டாட்டிலிருந்து பஸ்ஸில் போனால் காடு தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு இறைச்சிக்கடை, எங்கள் பட்டறை, அவ்வளவுதான். இதைச் சொன்னால் இப்போதும் ஆட்கள் சிரிக்கிறார்கள். அப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் துவக்குக் கடையிலையோ வேலை செய்யிறாய்?" என்று அகதி விடுதியில் என்னோடு இருந்தவர்கள் கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. நானும் சேர்ந்து சிரிப்பேன். பாத்திரம் கழுவ ஆள் கேட்ட இடங்களிலெல்லாம் போய் நின்று அலுத்துப்போன எனக்கு, தேவாலயத்துப் பங்குச் சுவாமி பிடித்துக் கொடுத்த வேலை அது. ஊரில் நான் மோட்டார் திருத்தியவன். இரும்பைக் கண்டால் கை சும்மா இராது.

அந்தப் பட்டறையை நினைத்தால் முதலில் வருவது வாசனைதான். எண்ணெய், வாதுமை மரத்தூள், முதலாளி காலையில் போடும் கோப்பி, மூலையில் கொதிக்கும் தண்ணீரின் ஆவி. இத்தனையும் சேர்ந்து ஒரு வாசனையாகி என் ஜாக்கெட்டில் ஏறிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கும். சாளரத்தோரம் ஒரு வானொலி இருந்தது. அதில் எந்நேரமும் ஜேர்மன் மலைநாட்டுப் பாட்டுகள் போகும். முதல் மாதம் அந்தப் பாட்டுகள் என்னைக் கொன்றன. இரண்டாம் மாதம் நானும் கூடவே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டேன்.

முதலாளி அறுபதை நெருங்கியவர், பேச்சுக் குறைவு. பேசினாலும் அந்தப் பக்கத்து ஜேர்மன்தான். வகுப்பில் நான் படித்த ஜேர்மனுக்கும் அதற்கும் உறவே கிடையாது. ஆனால் காலையில் என் கைகளை விரிக்கச் சொல்லிப் பார்ப்பார், பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் நகம் பார்த்த மாதிரி. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் மனைவி வந்து சேரும்வரை இந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. அவள் மன்னார்க்காரி. கலியாணம் முடிந்து சில வாரங்களில் நான் புறப்பட்டு வந்துவிட, பத்திரங்கள் சரிவந்து அவள் வந்து சேரச் சில வருடங்கள் போய்விட்டன. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கடிதங்களில் அவளுக்கு எழுதியிருந்தேன், பட்டறை என்று. எந்தப் பட்டறை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வந்த முதல் கிழமையே தெரிந்துவிட்டது. அவளுடைய தம்பியை ஊரில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். யார், ஏன் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். சந்தைக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அவள் சத்தம் போடவில்லை. அழவுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் வேலையால் வந்தவுடன் நேரே குளிக்கப் போகவேண்டும், குளிக்காமல் கோப்பையைத் தொடக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டாள். அந்தக் குளிரில் அதையும் செய்தேன். ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே வந்து இருந்தாள்.

"இஞ்சரப்பா, எனக்கு ஏலாது. இப்ப கையிலை இருக்கிற வேலையை முடிச்சுக் குடுத்திட்டு விட்டிடுங்கோ. இல்லாட்டி நான் அக்கா வீட்டை ஹம்பேர்க்குக்குப் போறன்."

அவளுடைய அக்கா குடும்பம் ஹம்பேர்க்கில் இருந்தது. அவள் சும்மா வெருட்டுகிற ஆள் இல்லை. போறன் என்றால் போய்விடுவாள். நான் "பாப்பம்" என்றேன். கலியாணம் கட்டியவர்களுக்குத் தெரியும், "பாப்பம்" என்பது பதிலே இல்லை. எனக்கு அந்த வேலையை விட மனமில்லை, அவளை விடவும் மனமில்லை. இரண்டு நாட்டிலும் இப்படி ஒரு மாட்டு மாட்டியதில்லை.

அப்போது என் கையில் இருந்தது ஒரு பழைய அமெரிக்க வேட்டைத் துவக்கு. குழலுக்குக் கீழே ஒரு மரப்பிடி இருக்கும். அதை முன்னும் பின்னும் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைப் போல. அதனால் அதற்குப் பம்ப் துவக்கு என்றே பெயர். ஜேர்மன் வேட்டைக்காரர்களுக்கு இது பிடிக்காது. அவர்கள் இரட்டைக் குழல் வைத்திருப்பார்கள், அதில் வெள்ளிப் பூவேலை இருக்கும். பம்ப் துவக்கோடு வருபவனை, கலியாண வீட்டுக்குச் சாரத்தோடு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். இந்தத் துவக்கின் சொந்தக்காரர் அதைப் பற்றிக் கவலைப்படாத ஒரு கிழவர். முன்பு மர ஆலை வைத்திருந்தவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு அவர்கள் வீட்டில் தங்கியிருந்த ஒரு அமெரிக்க அதிகாரி, ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனதாம்.

முந்தைய மாரியில் கிழவர் பனியில் வழுக்கி விழுந்திருக்கிறார். குழல் வாய்க்குள் பனி அடைந்திருந்ததைக் கவனிக்காமல் சுட்டிருக்கிறார். குழல் வெடிக்கவில்லை, ஆனால் முனைக்குக் கிட்ட ஒரு இடம் வீங்கிவிட்டது, பாம்பு எலியை விழுங்கிய மாதிரி. விழுந்ததில் தோளும் பழுதாகி ஒரு ஒப்பரேஷனும் நடந்திருந்தது.

புதுக் குழல் போடத்தான் முதலில் பார்த்தோம். முதலாளி அமெரிக்கா வரைக்கும் கேட்டுப் பார்த்தார். அந்த வகைத் துவக்கைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலம், குழல் இல்லை என்று பதில் வந்தது. மிஞ்சியது ஒரே வழி, வீங்கிய முனையை வெட்டிவிடுவது. சட்டம் அனுமதிக்கிற நீளத்துக்குக் குறையாமல்தான், சந்தேகமில்லை. கிழவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. நாய்க்கு வாலை வெட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். முதலாளி அவர் கையில் வேறொரு குட்டைக் குழல் துவக்கைக் கொடுத்தார். அவர் அதைத் தோளுக்கு எடுத்தார், இறக்கினார், மறுபடி எடுத்தார். பழுதான தோளுக்குப் பாரம் குறைவாக இருந்ததுபோல. "சரி, வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சாளரப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பன்றி வேட்டை வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனி. அதற்குள் வேண்டும் என்றார்.

முதலாளிதான் வெட்டினார். அந்த நாட்டில் குழலில் கைவைத்தால் அத்தோடு முடியாது. அரசாங்கத்தின் சோதனை நிலையத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே வழக்கத்தைவிடப் பலமான தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் ஒரு கழுகு முத்திரை குத்தித் தருவார்கள். தாங்காவிட்டால் பழைய இரும்புதான். எங்கள் குழல் முத்திரையோடு திரும்பி வந்தபோது நான் பரீட்சை பாஸான பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தேன்.

அதன் பிறகு என் வேலை, கறுப்பேற்றுவது. இதை எத்தனை தரம் செய்தாலும் எனக்கு அலுத்ததில்லை. குழலில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்து, ஒரு மருந்தைப் பூசி, ஈரப்பெட்டிக்குள் தொங்கவிட்டால் விடியும்போது முழுக்கத் துருவேறிக் கறள் பிடித்திருக்கும். ஊரில் கறளைக் கண்டால் சுரண்டுவோம். இங்கே கறளை வரவேற்று உட்காரவைப்போம். பிறகு நீளத் தகரத் தொட்டியில் கொதிநீரில் போட்டால் அந்தச் சிவப்புக் கறள் அப்படியே கறுப்பாகும். பஞ்சு போன்ற கம்பியால் தேய்த்து, திரும்பப் பூசி, திரும்பத் தொங்கவிட்டு, இப்படிப் பல நாள். கடைசியில் வெல்வெட்டுப் போல ஒரு கறுப்பு வரும். ஆனால் துடைத்த பிறகு வெறும் விரல் பட்டாலும் போச்சு. விரலில் இருக்கும் பிசுக்கில் மருந்து பிடிக்காது, அந்த இடம் வெளிறி நிற்கும். முதலாளி காலையில் என் கைகளைப் பார்த்தது இதற்காகத்தான்.

இதையெல்லாம் வீட்டில் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும் அடக்க முடியாது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு காது கேட்காதவள் போல இருப்பாள். ஒருநாள் மட்டும் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"சுடுறவன் குறி பாக்கேக்கை அவன்ர கண்ணுக்குக் கிட்ட இருக்கிறது குழலின்ர எந்தப் பக்கம்?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ஒருவேளை மனம் இளகுகிறதோ என்று நினைத்தேன். கரண்டிக் காம்பைத் தோளில் வைத்து, மேல்பக்கம், பின் முனைக்குக் கிட்ட என்று காட்டினேன். அவள் "ஓ" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, மத்தியானம் அவள் பட்டறைக் கதவில் நிற்கிறாள். அதுவரை அந்தத் தெருப் பக்கமே வராதவள். பல் வைத்தியரிடம் போக நேரம் குறித்திருந்தது, பஸ்ஸுக்கு நேரம் கிடக்கிறது, அதுதான் வந்தனான் என்றாள். குழலை அப்போதுதான் துடைத்து, மருந்து பூசுவதற்காகக் கொக்கியில் மாட்டியிருந்தேன்.

"இதுதான் அது. தொட்டிடாதையும் என்ன," என்றேன்.

"ஓம், ஓம்," என்றாள்.

முதலாளி முன்பக்கத்தில் தொலைபேசியில் இருந்தார். நான் அவளுக்குக் கோப்பி எடுக்கக் குசினிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் ஒழுங்காக இருந்தாள். கோப்பியைக் குடித்தாள், பஸ்ஸுக்குப் போனாள். நான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மருந்தைப் பூசினேன்.

விடிந்து ஈரப்பெட்டியைத் திறந்தால், குழல் முழுக்க அழகாகச் சிவந்திருந்தது. மேல்பக்கத்தில், பின் முனைக்குக் கிட்ட, விரல் அகலத்தில் ஒரு சிலுவை மட்டும் சிவக்காமல் பளபளவென்று நின்றது.

எங்கள் ஆட்களுக்கு அது என்னவென்று பார்த்தவுடன் விளங்கும். மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயில் விளக்கில் எடுத்த எண்ணெயை ஒரு சின்னப் போத்தலில் வைத்திருப்போம். காய்ச்சல் வந்தால், பிரயாணம் போனால், பரீட்சை எழுதப் போனால் நெற்றியில் அதைத் தொட்டுச் சிலுவை போட்டு அனுப்புவார்கள். அவளுடைய அம்மா கொடுத்துவிட்ட போத்தல் அவளுடைய கைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. ஆனால் முதலாளிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கிட்டப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, "தொடர்ந்து செய்" என்றார். முழுதாக உரித்துத் திரும்பத் தொடங்க நாள் போதாது. அன்று முழுக்க அவர் வானொலியைப் போடவில்லை.

அன்று பின்னேரம் குளிக்கப் போகாமல் நேரே குசினிக்குள் போனேன். கோபம் தலைக்கேறியிருந்தது.

"நீரோ அந்த வேலை பாத்தனீர்?"

"ஓம், நான்தான்."

"அது ஒரு புதுமையும் இல்லை, விளங்குதோ? எண்ணெய் பட்டா மருந்து பிடிக்காது. நல்லெண்ணெய் பூசினாலும் இதுதான் நடக்கும்."

"எனக்குத் தெரியும். நீங்கள்தானே நெடுகச் சொன்னனீங்கள்."

பக்தியில் தெரியாமல் செய்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அது கறுக்கக்கூடாது எண்டுதான் பூசினனான். அந்தத் துவக்கைத் தூக்கிறவன் ஆரெண்டாலும், குறி பாக்க முதல் அதைப் பாக்கட்டும். என்ர தம்பியைக் குறி பாத்தவன்ர கண்ணுக்கு முன்னாலை ஒண்டும் இருக்கேல்லை."

இதைச் சொல்லும்போதும் அவள் கண் கலங்கவில்லை. உப்புப் போட்டாச்சா என்று கேட்கிற குரலில் சொன்னாள். நான் குளிக்கப் போனேன். தண்ணீர் ஆறிப்போகும்வரை நின்றேன்.

அதற்குப் பிறகு எத்தனை பூச்சுப் பூசியும் அந்த இடம் மற்ற இடத்தோடு சேரவில்லை. நேரே பார்த்தால் தெரியாது. வெளிச்சம் சரிவாக விழுந்தால், கறுப்புக்குள் கொஞ்சம் வெளிறிய ஒரு சிலுவை எழும்பி வரும். வெள்ளிக்கிழமை கிழவர் வந்தார். நான் முதலாளிக்குப் பின்னால் நின்றேன். இன்றைக்கு என் சீட்டுக் கிழிந்தது, மனைவியின் விருப்பம் தானாக நிறைவேறப்போகிறது என்று நினைத்தேன். கிழவர் பம்பை ஒருதரம் இழுத்துப் பார்த்தார், தடையில்லாமல் ஓடிப் பூட்டிக்கொண்டது. தோளுக்கு எடுத்துச் சாளரப் பக்கம் திரும்பினார். அப்படியே நின்றார்.

"இது என்ன?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். என் மனைவி, எங்கள் ஊர்க் கோயில் எண்ணெய், அவளுடைய தம்பி. இலக்கணம் எல்லாம் உடைந்து விழுந்தது. "பார்த்துவிட்டுக் குறிபார்க்கவேண்டும்" என்பதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

கிழவர் துவக்கை இறக்கி மேசையில் கிடத்தினார். பிறகு, தான் யுத்தத்திலிருந்து திரும்பி வந்தபோது இனித் துவக்கே தொடுவதில்லை என்று இருந்ததாகச் சொன்னார். அந்த அமெரிக்கர் இதைக் கொடுத்தபோதும் வேண்டாம் என்றாராம். "இதனால் வாத்துகள் மட்டும்தான் விழுந்திருக்கின்றன, சத்தியமாக" என்று அமெரிக்கர் சொன்ன பிறகுதான் வாங்கினாராம்.

"உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். வாத்து, அதற்குப் பிறகு பன்றி. வேறு ஒன்றுமில்லை. இந்த அடையாளம் இருக்கட்டும்."

முதலாளி, மறுபடி ஒழுங்காகக் கறுப்பேற்றித் தருகிறேன், வேட்டை முடிந்ததும் கொண்டு வாருங்கள் என்றார். பட்டறையின் பெயர் அவருக்கு முக்கியம். கிழவர் கேட்காதவர்போலத் துவக்கை உறையில் போட்டு, பழுதில்லாத தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

நான் பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் பாதி வழி நடந்தே போயிருப்பேன், அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்குப் போய் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"வாத்தும் பண்டியுமோ?"

"ஓம்."

"அப்ப சரி," என்றாள். "நான் அக்கா வீட்டை போகேல்லை. நீங்கள் வேலைக்குப் போங்கோ."

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் ஜேர்மனிக்கு வந்த பிறகு தூங்கியதில்லை.

திங்கட்கிழமை பட்டறையில் வானொலி பாடியது. முதலாளி என் கைகளைப் பார்த்தார், தலையாட்டினார். புதிதாக வந்த ஒரு துவக்கின் குழலைக் கழற்றிக் கையில் எடுத்தேன். குழல் வளையாமல் இருக்கிறதா என்று பார்க்க அதைச் சாளரத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்ப்போம். நேரான குழலென்றால் வெளிச்சம் வட்டம் வட்டமாகப் போய்த் தூரத்தில் ஒரு சின்னப் பொட்டாக முடியும். நூறு தரம் பார்த்திருப்பேன். அன்று அந்தப் பொட்டுக்குள் ஒரு ஆள் வந்தார். தெருவின் எதிர்ப்பக்கத்தில் யாரோ ஒருவர், கையில் பையோடு, இறைச்சிக்கடையிலிருந்து வெளியே வந்து நடந்தார். அவருடைய முதுகு அந்த வட்டத்துக்குள் அளவாக இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது.

என் கண்ணுக்கு முன்னால் ஒன்றும் இருக்கவில்லை. நான் குழலை மேசையில் வைத்துவிட்டு முதலாளியிடம் போனேன். மாத முடிவோடு நிற்கிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்டார். அந்தச் சிலுவைக்காகத் தான் கோபப்பட்டதாலா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அவர் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். பிறகு நான் வருடக் கணக்கில் ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்தேன். நல்ல வேலை, நல்ல ஆட்கள். ஆனால் மாவின் மணத்தோடு வீட்டுக்குப் போன எந்த நாளிலும் எனக்கு அந்தப் பழைய பெருமை வந்ததில்லை. தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் குழல் கறுத்துவிட்டதா என்று கை தேடுகிறது.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் அவளிடம், வேலையை விடுகிறேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னப்பா இது? நான்தான் போகச் சொல்லிட்டனே! இனி என்னத்துக்கு விடுறீங்கள்?"

"குழலுக்குள்ளாலை பாத்தனான். ஒரு ஆள் போனது. முதுகு தெரிஞ்சது."

அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கதிரையில் இருந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழத் தொடங்கினாள். ஜேர்மனிக்கு வந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.